பள்ளத்தெருவில் ஏழை யாரும் இல்லை

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. தெருவில் அதைச் சொல்லி விசாரித்தால் நாலு பேர் முழிப்பார்கள். ரேடியோ வீடு எது என்று கேட்டால், நேற்று குடிவந்தவன்கூட வாசல் வரை கொண்டுவந்து விடுவான். பெயர் வந்ததற்கு முதல் காரணம் அவள் தொண்டை. ஓட்டல்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் துணி வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு வேலை. எந்திரங்கள் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே, எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று படுக்கை விரிப்பை இழுத்து, உதறி, மடிக்க வேண்டும். எதிரில் நிற்பவளிடம் ஒரு வார்த்தை பேசுவதானாலும் கத்தித்தான் பேச வேண்டும். வருஷக் கணக்கில் கத்திய அந்தத் தொண்டை வீட்டுக்கு வந்த பிறகும் இறங்க மறுத்தது. அவள் ரகசியம் பேசினால் மூன்றாம் வீட்டுக்குக் கேட்கும். கேட்காவிட்டால் அவளே போய்ச் சொல்லிவிட்டு வருவாள், அது இரண்டாவது காரணம்.

கெட்ட மனசுக்காரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எந்தக் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறது, எல்லாம் அவளுக்கு முதலில் தெரியும். தெரிந்ததை வயிற்றில் வைத்துக்கொள்ளத்தான் தெரியாது.

அவள் இருந்த தெருவை ஊரில் பள்ளத்தெரு என்பார்கள். மேட்டில் பெரிய சாலை, அதற்கு மேல் அலுவலகங்கள், கடைகள். மழை பெய்தால் அத்தனை தண்ணீரும் வேறு போக்கிடம் இல்லாமல் இங்கேதான் வந்து இறங்கும். தெருவோரம் ஒரு சாக்கடை இருந்தது. பாதிக்கு மண், பாதிக்குக் குப்பை, மிச்சமிருந்தால் தண்ணீர். ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் சாக்கடை பொங்கி வாசற்படி ஏறிவிடும். முழங்கால் அளவு வந்ததும் மின்சார வாரியத்துக்காரர்கள் தெருவுக்கே கரண்டை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் நாலு பேர் சாவார்கள், அவர்களையும் குறை சொல்வதற்கில்லை.

மற்ற வீடுகளுக்கு அது தொல்லை. ரேடியோ வீட்டுக்கு அது உயிர் விஷயம். அவள் புருஷன் சிமென்ட் லாரி ஓட்டியவர். தெருவே அவரை டிரைவரண்ணன் என்றுதான் கூப்பிடும். லாரியை விட்டு இறங்கி ஒரு வருஷத்துக்கு மேலாகியும் அந்தப் பெயர் இறங்கவில்லை. சிமென்ட் தூசு நெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் ஆக்சிஜன் மிஷின் இல்லாமல் முடியாது என்றார்கள். தர்ம ஸ்தாபனம் ஒன்று பழைய மிஷினைக் கொடுத்தது. சின்ன அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், அது அவர் மூக்கில். கரண்ட் இருந்தால் மிஷின் ஓடும். போனால் நின்றுவிடும். ஆத்திர அவசரத்துக்கு ஒரு சின்ன சிலிண்டர் கட்டிலடியில் இருந்தது. அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். போன மழைக்காலத்தில் தண்ணீர் சீக்கிரம் வடிந்ததால் பிழைத்தார். இன்னொரு மழையை இந்த வீட்டில் அவர் தாங்குவாரா என்பதே அவளுக்குக் கவலை. வேறு வீடு பார்க்கக் கையில் எதுவும் இல்லை. ஒரே மகள் கல்யாணமாகித் தூர தேசத்தில் அவள் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் மத்திய அரசு மானியம் வரப்போகிறது என்ற பேச்சு வந்தது. பின்தங்கிய பகுதிகளை முன்னேற்றச் சொல்லி மத்திய அரசு வருஷா வருஷம் மாநகராட்சிக்கு ஒரு தொகை கொடுக்கும். சாலை போடலாம், சாக்கடை கட்டலாம், ஒழுகுகிற கூரையை மாற்றலாம். கொடுக்கிற கை சும்மா கொடுத்துவிடுமா? அதற்கு ஆயிரம் நிபந்தனை. முக்கியமான நிபந்தனை, வேலை நடக்கிற இடத்தில் பாதிக்கு மேற்பட்ட ஜனங்கள் குறைந்த வருமானக்காரர்களாக இருக்க வேண்டும். பார்த்தாலே தெரிகிறதே என்றெல்லாம் சொல்லக்கூடாது, வீடு வீடாகக் கேட்டு நிரூபிக்க வேண்டும். ஜனங்களைக் கூட்டி வைத்து அவர்கள் கருத்தையும் கேட்க வேண்டும். குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். ஆகவே மாநகராட்சியில் அந்தப் பணத்தை வைத்துக்கொண்டு மூன்று மாதம் தூங்குவார்கள், நாலாவது மாதம் காலில் வெந்நீர் கொட்டினாற்போல் ஓடுவார்கள்.

அந்த மானியத்தைக் கவனிக்கிற பிரிவுக்கு ஒரு திட்ட அதிகாரி இருந்தார். நடுத்தர வயதுப் பெண், எப்போதும் தோளில் ஒரு கனத்த பை. நல்ல மாதிரி. தெருவுக்கு நேரில் வந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சாக்கடையைச் சுற்றிப் பார்த்தவர். முன்பு வெளியாட்களை விட்டுக் கணக்கெடுத்தபோது பாதி வீடுகளில் கதவே திறக்கவில்லை என்ற அனுபவம் அவருக்கு இருந்தது. அதனால் இந்தத் தடவை தெருவிலேயே ஒரு ஆளைப் பிடித்துக் கேட்க வைப்பது என்று முடிவு செய்தார். எல்லா வீட்டுக்கும் போய்வருகிற ஆள், எல்லாரையும் தெரிந்த ஆள் யார் என்று விசாரித்தார். விசாரிக்கவா வேண்டும், தெருவே கையைக் காட்டியது.

"உங்க ஆளுங்கதானேம்மா. உங்ககிட்டன்னா மனசு விட்டுச் சொல்லுவாங்க" என்றார் அதிகாரி.

"என்கிட்ட சொல்லாம யாருகிட்ட சொல்லப்போறாங்க?" என்றாள் ரேடியோ. தலைகால் புரியவில்லை அவளுக்கு.

"ஒண்ணே ஒண்ணு. அவங்க என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதணும். நீங்களா எதையும் கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது."

அதிகாரிக்கு ஊரெல்லாம் தெரியும், படிப்பும் உண்டு. ஒரு சின்ன விஷயம் மட்டும் தெரியாமல் போயிற்று. முன்பின் தெரியாதவனிடம் மனுஷன் தன் வறுமையைச் சொல்லி அழுதுவிடுவான். அடுத்த வீட்டுக்காரியிடம், அதுவும் ரேடியோவிடம், வாயைத் திறப்பானா?

சலவைக்கூடத்தில் விடுமுறை சொல்லிவிட்டு, கழுத்தில் மாநகராட்சி கொடுத்த அட்டையை மாட்டிக்கொண்டு அவள் கிளம்பினாள். முதலில் எதிர்வீடு. அது அவள் ஓரகத்தியின் வீடு. டிரைவரண்ணனின் தம்பி பெண்டாட்டி. இரண்டு பேருக்கும் மேலுக்குச் சிரிப்பு, உள்ளுக்குள் புகைச்சல். யார் வீட்டில் புதுத் தட்டு வாங்கினாலும் மற்றவளுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

"வாக்கா, உக்காரு. என்ன, கழுத்துல அட்டையெல்லாம் தொங்குது? பெரிய ஆபீசர் ஆயிட்டே" என்றாள் ஓரகத்தி.

"கிண்டல் அப்புறம் பண்ணலாம். வீட்டுக்கு மாசம் என்ன வருதுன்னு சொல்லு."

ஓரகத்தி சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "இவருக்கு கோடவுன்ல சம்பளம் கூட்டிட்டாங்கல்ல? பையனும் அங்கேருந்து மாசாமாசம் அனுப்புறான். நமக்கு என்னக்கா குறை?"

பையன் வெளிநாட்டுக்குப் போன இடத்தில் வேலை போய் நண்பன் அறையில் கிடக்கிறான் என்று ஓர் அரசல் புரசலான சேதி ரேடியோ காதுக்கு எட்டியிருந்தது. ஆனால் சொன்னதை அப்படியே எழுதச் சொல்லியிருக்கிறார்களே. எழுதினாள்.

அடுத்தது டியூஷன் வாத்தியார் வீடு. தனிக்கட்டை. சட்டைக் காலர் நைந்து திருப்பித் தைக்கப்பட்டிருந்தது. படிக்க வருகிற பிள்ளைகள் ஒவ்வொன்றாக நின்றுபோனது தெருவுக்கே தெரியும். அவரோ நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, தம் கையில் எப்போதும் நாலு காசு மிஞ்சியே இருக்கிறது என்று பாடம் நடத்துகிற தோரணையில் சொன்னார்.

மெக்கானிக் ஒருவன்தான் மூஞ்சிக்கு நேரே சிரித்தான். சின்ன வண்டிகள் பழுது பார்ப்பவன், வாய்த் துடுக்கு. "ரேடியோக்கா, உன்கிட்ட சொன்னா சாயங்காலத்துக்குள்ள தண்ணி லாரிக்காரன் வரைக்கும் தெரிஞ்சிடும். என் மாமனார் வேற பக்கத்துத் தெருவுல இருக்காரு. நல்லா சம்பாதிக்கிறேன்னு போட்டுக்கோ."

"உண்மையச் சொல்லுடா. கவர்மென்ட்டு கேக்குது."

"கவர்மென்ட்டு எங்கக்கா கேக்குது? நீயில்ல கேக்குறே!"

சிரித்துக்கொண்டே அதையும் எழுதினாள். மகளுக்குக் கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் இரண்டு மடங்காகச் சொன்னார்கள். கடன்காரனுக்கு நல்ல பேர் காட்ட வேண்டியவன் மூன்று மடங்காகச் சொன்னான். உண்மையைச் சொன்னவர்களும் உண்டு, இல்லாமலில்லை. அவர்கள் குறைவு.

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதி எழுதி அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். ஓரகத்தி சொன்னது புளுகு என்று சந்தேகம் இருந்தது. ஆனால் வாத்தியார் பொய் சொல்வாரா? அந்த மூலை வீட்டுக்காரர் சொல்வாரா? அடேயப்பா, இத்தனை பேர் இத்தனை நன்றாகத்தான் இருக்கிறார்கள், வெளியே காட்டிக்கொள்ளவில்லை, நாம் ஒருத்தர்தான் இந்தத் தெருவில் வக்கற்றுப் போனோம் என்று அவளுக்குப் பட்டது. வயிறு எரிந்தது. ஊர்க்கதை அத்தனையும் தெரிந்தவளுக்கு, ஊர் தன்னிடம் கதை விடுகிறது என்று மட்டும் உறைக்கவில்லை.

கடைசியாகத் தன் வீடு. டிரைவரண்ணன் ஜன்னலோரம் சாய்வு நாற்காலியில் இருந்தார். மிஷின் தம் பிடித்துத் தம் பிடித்து ஓடிக்கொண்டிருந்தது.

"நம்ம வீட்டுக்கு எழுதிட்டியா?"

"எழுதணும். என் கூலிய மட்டும் போட்டுடறேன்."

அவர் குழாயைச் சரிசெய்துகொண்டு, "நான் ஒருத்தன் இருக்கேன்ல? என்னை ஒண்ணுமில்லாதவன்னு எழுதப்போறியா?" என்றார். "டிரைவர்னு எழுது. பழைய சம்பளத்தைப் போடு. தெருவுல எல்லாரும் போட்டிருக்காங்கல்ல?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். லாரியைத் தினம் காலையில் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கிளப்புவார். சம்பளத்தை வாங்கினதும் வீட்டு வாசலிலேயே அவள் கையில் கொடுப்பார், எதிர்வீட்டுக்குத் தெரிகிற மாதிரி. அந்த மனுஷனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, வருமானம் எதுவுமில்லை என்று எழுத அவளுக்குக் கை வரவில்லை. மற்றவர்களைப் பார்த்து வந்த எரிச்சலும் சேர்ந்துகொண்டது. நம் ஒரு வீட்டினால் என்ன குடி முழுகிவிடப்போகிறது என்று நினைத்து, பழைய சம்பளத்தையே போட்டாள். ஒவ்வொரு வீட்டிலும் இதையேதான் நினைத்தார்கள்.

மாதம் ஒன்று போனபின் அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். மாநகராட்சிக் கட்டடத்தில் மாடிப்படிக்குக் கீழே ஒரு அறை. சுவரில் ஒரு பெரிய வண்ணப் படம் மாட்டியிருந்தது, மரமும் விளக்கும் சிரிக்கிற குழந்தைகளுமாக. அதை வரைந்து கொடுத்த ஆலோசகருக்கும் மானியத்திலிருந்துதான் பணம் போயிருக்கும்.

"உக்காருங்கம்மா" என்றார் அதிகாரி. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "உங்க தெரு தேறலை. குறைஞ்ச வருமானக்காரங்க பாதிகூட இல்லைன்னு வந்திருக்கு. நாலஞ்சு வீடு மாறியிருந்தாப் போதும், தேறியிருக்கும்."

"அப்ப சாக்கடை?"

"வராதும்மா. இந்த வருஷப் பணம் ஏரிக்கரைப் பக்கம் போகுது."

ஏரிக்கரைப் பக்கமா என்று அவள் வாயைப் பிளந்தாள். அங்கே அடுக்குமாடிகள், வாசலுக்கு வாசல் கார். அதிகாரி கையைப் பிசைந்துகொண்டே விளக்கினார். அந்தப் பகுதி எல்லைக்குள் ஒரு பெரிய மாணவர் விடுதி இருக்கிறது. மாணவர்களுக்கு வருமானம் கிடையாது. விதிப்படி அத்தனை பேரும் ஏழைகள். சேர்த்துப் பார்த்தால் பாதிக்கு மேல் தாண்டிவிட்டது. அங்கே நடைபாதையும் பெஞ்சும் விளக்குக் கம்பங்களும் வரும்.

"அடப்பாவி, அப்பன் காசுல படிக்கிற பசங்க ஏழையா? மூக்குல குழாய வெச்சிக்கிட்டு இருக்கிறவரு பணக்காரரா?" அவள் குரல் மாடிப்படி ஏறி மேல்தளம் வரை போனது. யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

"விதி அப்படி. நான் என்னம்மா பண்ணட்டும்? உங்க கையால எழுதினதுதானே இது?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அத்தனை பேரும் புளுகியிருக்கிறார்கள். நாமும் புளுகியிருக்கிறோம்.

அதிகாரி அவளை அப்படியே விட்டுவிடவில்லை. ஒரு வழி இருக்கிறது என்றார். பணத்தை ஒதுக்குமுன் ஜனங்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், அதுவும் விதிதான். அந்தக் கூட்டத்தில் தெருக்காரர்கள் எழுந்து, நான் கொடுத்த கணக்குத் தப்பு, என் நிலைமை இதுதான் என்று அவரவர் வாயால் சொன்னால், அதைப் பதிந்துகொண்டு பணத்தை நிறுத்தி வைத்து, வெளியாளை விட்டு உடனே மறுபடி கணக்கெடுக்கத் தமக்கு அதிகாரம் இருக்கிறது. "அடுத்தவங்க வீட்டைப் பத்தி நீங்க சொன்னா செல்லாது. அவங்கவங்க சொல்லணும். யாராவது ஒருத்தர் ஆரம்பிச்சிட்டாப் போதும், மத்தவங்க எழுந்திருப்பாங்க. நான் பாத்திருக்கேன்."

ரேடியோ வீடு வீடாக மறுபடியும் ஏறி இறங்கினாள். இந்தத் தடவை அட்டை இல்லை. கெஞ்சினாள், திட்டினாள், மழை வரட்டும் அப்போது தெரியும் என்று பயமுறுத்தினாள். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. அதுதான் சங்கடம். "முதல்ல யாராவது எழுந்திருக்கட்டும், அப்புறம் நான் எழுந்திருக்கேன்" என்றான் மெக்கானிக், சிரிக்காமல். வாத்தியாரும் அதையே நல்ல தமிழில் சொன்னார். ஓரகத்தி மட்டும், "நீ எழுந்திரு முதல்ல. அப்புறம் பாக்கலாம்" என்றாள்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். கூட்டத்தில் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொன்னாள். டிரைவரண்ணன் கேட்டுக்கொண்டார். கூட்டத்தன்று காலையில், "நானும் வர்றேன்" என்றார்.

"நீங்க எதுக்கு? மூச்சு வாங்கும்."

"வர்றேன்னா வர்றேன். என்னை அழைச்சிட்டுப் போ."

மெக்கானிக் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். சின்ன சிலிண்டரை ரேடியோ மடியில் வைத்துக்கொண்டாள். டிரைவரண்ணன் கம்பெனிச் சட்டையைப் போட்டிருந்தார், பையில் கம்பெனி பெயர் தைத்தது. அதை அவள்தான் பெட்டி போட்டுக் கொடுத்தாள். உடம்பு இளைத்துச் சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது.

நூலகத்து மாடியில் கூட்டம். பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு மேஜை, ஒரு மைக். ஏரிக்கரைப் பக்கத்திலிருந்து ஓட்டப் பயிற்சிக் காலணி போட்ட பெரியவர் ஒருவர் தம் கூட்டாளிகளோடு முன்வரிசையில் இருந்தார். பள்ளத்தெருக்காரர்கள் பின்வரிசைகளில் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். டிரைவரண்ணன் முன்னால்தான் உட்காருவேன் என்று அடம்பிடித்தார். மூக்கில் குழாயோடு, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் உட்கார்ந்தார். யாராவது அவரை அவமானம் செய்துவிடுவார்களோ என்று அவளுக்குப் பதைப்பாக இருந்தது.

அதிகாரி திட்டத்தைப் படித்து முடித்துவிட்டு, ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். ரேடியோ எழுந்தாள். அவளுக்கு மைக் தேவைப்படவில்லை.

"அந்தக் கணக்கு தப்புங்க. எங்க தெருவுல யாரும் உண்மையச் சொல்லல. எல்லாரும் ஊதிப் பெருக்கிச் சொல்லிட்டாங்க. அங்க வந்து பாருங்க, மழை பெஞ்சா நாங்க நாயா அலையுறோம்."

"சரிம்மா" என்றார் அதிகாரி. பேனாவை எடுத்துக்கொண்டார். கண்ணால் அவளைத் தூண்டுகிற மாதிரி பார்த்தார். "யார் வீட்டுக் கணக்கு தப்பு? உங்க வீட்டுக் கணக்கா?"

இரண்டே வார்த்தை சொல்ல வேண்டும். ஆமாங்க, எங்களுதுதான். அவ்வளவே. அவள் பக்கவாட்டில் பார்த்தாள். டிரைவரண்ணன் தலை குனிந்திருந்தார். கை சட்டைப் பையைப் பிடித்துக்கொண்டிருந்தது. தம்பி பின்னால் இருக்கிறார், தம்பி பெண்டாட்டி இருக்கிறாள், அவரிடம் டீ வாங்கிக் குடித்த மெக்கானிக் இருக்கிறான். இத்தனை பேர் நடுவில், என் புருஷன் ஒன்றுமில்லாதவன், வீட்டில் சும்மா கிடக்கிறான் என்று எப்படிச் சொல்வது? ஊரார் கதையெல்லாம் கடகடவென்று கொட்டுகிற வாய் அடைத்துப்போனது.

"எங்க வீட்டுது சரிதாங்க" என்றாள். "நான் மத்தவங்களைச் சொன்னேன்."

பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஓரகத்தி எழுந்துவிட்டாள். "ஏன்க்கா, நீ மட்டும் சீமாட்டி, நாங்கல்லாம் பிச்சைக்காரங்களா? எங்க மானத்தைக் கப்பலேத்தத்தான் கூட்டிட்டு வந்தியா?"

அதற்குமேல் யார் எழுந்திருப்பார்கள்? மெக்கானிக் தரையைப் பார்த்தான். வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதிகாரி இரண்டு தரம், வேறு யாராவது, வேறு யாராவது என்று கேட்டார். அப்புறம் பேனாவை மூடினார். காலணிக்காரப் பெரியவர் எழுந்து விளக்குக் கம்பங்களுக்காக மாநகராட்சிக்கு நன்றி சொன்னார்.

திரும்பும் வழியிலும் டிரைவரண்ணன் சட்டைப் பையைப் பிடித்தபடியே இருந்தார். அவர் மானத்தைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு ஒரு ஆறுதல். எந்த முட்டாள்தனத்துக்கும் ஒரு ஆறுதல் கூடவே வரும் போலிருக்கிறது.

ஏரிக்கரையில் விளக்குக் கம்பம் நட ஆரம்பித்த வாரத்தில் மழை பிடித்தது. விடிந்ததிலிருந்து அடித்து ஊற்றியது. காலைச் சாப்பாடு முடிவதற்குள் தண்ணீர் படியேறி, கட்டில்கால் நனைந்து, மிஷினைத் தூக்கி மேஜைமேல் வைப்பதற்குள் கரண்ட் போய்விட்டது. சிலிண்டரைத் திறந்து குழாயை மாட்டினாள். வாசலுக்கு ஓடி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். ஆம்புலன்ஸ் மேட்டுச் சாலையோடு நின்றுவிட்டது, உள்ளே இறங்க வழியில்லை.

தெரு வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தம்பியும் மெக்கானிக்கும் நாற்காலியோடு அவரைத் தூக்கினார்கள். வாத்தியார் இடுப்பளவுத் தண்ணீரில் முன்னால் நடந்து, குழி எங்கே என்று காலால் தடவிப் பார்த்துச் சொன்னார். ஓரகத்தி சிலிண்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "மாமா, கண்ணை மூடாதீங்க மாமா, இதோ வந்துட்டோம்" என்று அழுதுகொண்டே வந்தாள். மேடு ஏறுவதற்குள் சிலிண்டர் தீர்ந்துபோனது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவு திரும்பியது. ஆனால் டாக்டர் அவளை வெளியே அழைத்துப்போய், நுரையீரல் தாங்காது, பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அவள் உள்ளே வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். விரித்திருந்த வெள்ளைத் துணி அவள் கூடத்தில் வெளுத்ததுதான். அதன் ஓரத்தை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

அவர் ஆக்சிஜன் முகமூடியை விலக்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"அன்னிக்கு ஏன் நீ சொல்லல?"

"என்னிக்கு?"

"கூட்டத்துல."

"உங்களை எப்படிங்க நாலு பேர் முன்னாடி..." அவள் மறுபடியும் துணியின் ஓரத்தை இழுத்தாள். "உங்க மானம் போயிடாதா?"

அவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். பேசுவதற்கு வெகு நேரம் ஆயிற்று. "நீ சொல்லுவேன்னுதானே வந்தேன். என்னால சொல்ல முடியல. வாய் வரல. என்னைப் பாத்தாலே தெரியட்டும்னு முன்னாடி வந்து உக்காந்தேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் தேவலை என்று பிற்பாடு பல நாள் நினைத்தாள். மறுநாள் மத்தியானம் மழை விட்டது. தெருவில் தண்ணீர் வடிவதற்கு முன்னால் அவர் போய்விட்டார்.

அவள் அழவில்லை என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். வாய் ஓயாதவள் வாயைத் தைத்துக்கொண்டாற்போல் ஆகிவிட்டாள், மனசில் ஏதோ உடைந்துவிட்டது என்றார்கள். சலவைக்கூடத்துக்குப் போனாள், வந்தாள். எதிரில் நின்று விரிப்பை இழுப்பவளிடம் தலையசைப்போடு சரி.

அடுத்த வருஷ மானியத்துக்கு மறுபடி கணக்கெடுப்பு வந்தது. அதிகாரி இந்தத் தடவை வெளியூர்ப் பெண் ஒருத்தியை அனுப்பினார். கண்ணாடி போட்டு, தண்ணீர் பாட்டிலோடு, யாரையும் தெரியாமல் வந்து நின்றாள் அவள். ரேடியோ அவளை உள்ளே அழைக்கவில்லை. வாசற்படிக்கு வெளியே, நடுத்தெருவில் வந்து நின்றுகொண்டு, பழைய தொண்டையைத் திறந்தாள்.

"எழுதிக்கோம்மா. இந்த வீட்டுல என் கூலி மட்டுந்தான். என் புருஷன் ஒரு வருஷத்துக்கு மேல சம்பாத்தியம் இல்லாம இருந்தாரு. நான் பொய் எழுதினேன். கூட்டத்துலயும் பொய் சொன்னேன்."

அந்தப் பெண் தடுமாறினாள். "போன வருஷத்துது இப்ப வேண்டாம்மா. இப்ப இருக்கிறது போதும்."

"உனக்கு வேண்டாம். நான் சொல்லணும்" என்று அவள் இன்னொரு தரம் முதலிலிருந்து சொன்னாள்.

எதிர்வீட்டில் ஓரகத்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு அவளும் படியிறங்கி வந்து, "என் பையன் ஒண்ணும் அனுப்பலம்மா. அவன் சோத்துக்கே கஷ்டப்படுறான்" என்றாள். வாத்தியார் தம் வாசலில் வரிசைக்கு நிற்கிறவர் மாதிரி வந்து நின்றார். பள்ளத்தெரு அந்த வருஷம் பாதியையும் தாண்டி முக்கால்வாசிக்குத் தேறியது. பணம் திரும்பிப் போய்விடுமே என்ற அவசரத்தில் மாநகராட்சி ராப்பகலாக வேலை செய்து, ஆள் இறங்கி நிற்கிற ஆழத்துக்குக் கால்வாய் கட்டி, மேலே பலகைக்கல் மூடி, மோட்டாரும் வைத்துக் கொடுத்தது.

அடுத்த மழை சாயங்காலம் பிடித்தது. முந்தினதைவிடப் பலமாகவே அடித்தது. தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. கால்வாய் தண்ணீரை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தது, படிகூட நனையவில்லை.

"தண்ணி வரலக்கா" என்றாள் ஓரகத்தி, எதிர்ப்பக்கத்திலிருந்து.

"வரல" என்றாள் ரேடியோ.

உள்ளே திரும்பினாள். இருட்டிக்கொண்டு வந்ததால் பழக்கத்தில் சுவரைத் தடவி ஸ்விட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. மழை கொட்டிக்கொண்டிருக்கிறது, விளக்கு எரிகிறது. அவள் ஸ்விட்சை விட்டுக் கையை எடுக்காமல் அப்படியே நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து, அவர் போன நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள். மழைச் சத்தத்தையும் தாண்டி அது தெருக்கோடி வரை கேட்டது. கரண்ட் கடைசி வரை போகவில்லை.